அமரர் ராஜரத்தினத்தின் போர் முழக்கம்

ராஜரத்தினம் அண்ணாச்சி காலமாகி மூன்று ஆண்டுகள் கழித்துப் போருக்கு ஆதரவாகப் பேசத் தொடங்கினார்.

உயிரோடு இருந்தவரை அவர் எதற்கும் ஆதரவாகவோ எதிராகவோ பேசியவர் அல்லர். தியாகராய நகரில் வாழ்நாள் முழுக்கப் பாத்திரக்கடை நடத்தியவர். யாராவது குக்கரின் விலையைக் கேட்டால், குக்கரைத் திருப்பி அதில் ஒட்டியிருக்கும் சீட்டைக் காட்டுவார். அதோடு வியாபாரப் பேச்சு முடிந்தது. அப்படிப்பட்டவர் திடீரென்று வாய் திறந்திருக்கிறார் என்ற செய்தியை, அவருடைய தம்பி சுயம்புலிங்கத்திடம் வந்து சொன்னவர் அசோக் நகரிலிருந்து மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்க வந்திருந்த ஒரு வாடிக்கையாளர்.

"உங்க அண்ணன் பிச்சு உதர்றாரே சார்! நேத்து எழுதினதைப் படிச்சேன். ரத்தம் கொதிச்சிடுச்சு."

"எந்த அண்ணன்?"

"உங்களுக்கு எத்தனை அண்ணன்? இதோ, சுவத்துல மாலையோட இருக்காரே, இவர்தான்."

அவர் கைப்பேசியை நீட்டினார். கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் உதடு. அண்ணாச்சியேதான். பெயரும் அவர் பெயரே. பெயருக்குப் பக்கத்தில் இவர் உண்மையானவர் என்பதற்கு அடையாளமாக ஒரு நீலக் குறி. கீழே எழுதியிருந்தது: 'வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கொடுங்கள்! போரை நிறுத்தச் சொல்லும் நாக்குகளை முதலில் நிறுத்துங்கள்!'

எல்லையில் சண்டை மூண்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. ஊரில் எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். சுயம்புலிங்கம் பேசவில்லை. அவர் எழுபது வயதிலும் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்காருகிறவர். தங்கள் குடும்பப் பெயர் இதுவரை எந்தக் காவல் நிலையத்திலும், எந்தச் சுவரொட்டியிலும், எந்த வம்பிலும் ஏறியதில்லை என்பது அவருக்குச் சொத்து மாதிரி. இப்போது அது ஊரார் கையிலெல்லாம் ஏறியிருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. அண்ணாச்சியின் ஒரே மகன் பொன்ராஜ் பட்டாளத்தில் சேர்ந்து, பனிமலையில் ஒரு காவல் சாவடியில் இறந்து, மீனம்பாக்கத்தில் பெட்டியாக வந்து இறங்கியவன். அதற்குப் பிறகு கடையில் இருந்த தொலைக்காட்சியில் போர்ச் செய்தி வந்தால், அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து உட்காருவார். அந்த மனிதர் இப்போது வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்கிறார்.

சுயம்புலிங்கம் கடையில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டு ஒரே உத்தரவு போட்டார்.

"மைனிக்கு இது தெரியக் கூடாது."

மைனி என்பது அண்ணாச்சியின் மனைவி தங்கபுஷ்பம். மயிலாப்பூர் வீட்டில் சுயம்புலிங்கத்தின் குடும்பத்தோடு இருப்பவர். அவரிடமும் ஒரு கைப்பேசி உண்டு. திருச்செந்தூர் அபிஷேகம் பார்ப்பதற்காகச் சுயம்புலிங்கமே வாங்கிக் கொடுத்தது. அபிஷேகத்தைத் தவிர அதில் வேறு எதுவும் வரும் என்பது மைனிக்குத் தெரியாது என்று அவர் நம்பினார்.

பில் போடும் ஜெயஸ்ரீதான் வழி சொன்னாள். அவளும் மயிலாப்பூர்தான்.

"எங்காத்துக்காரரோட ஒண்ணுவிட்ட தம்பி அடையார்ல ஒரு ஆபீஸ்ல இருக்கார் சார். இந்த மாதிரி பேசற கணக்கெல்லாம் அங்கதான் பண்றாளாம். மனுஷா யாரும் எழுதறதில்லையாம், மெஷினே எழுதிண்டிருக்குமாம். நேரா போய்க் கேட்டுண்டு வந்துடுங்கோ. ஃபோன்ல கேட்டா அதுக்கும் மெஷின்தான் பதில் சொல்லும்."

மறுநாள் காலை சுயம்புலிங்கம் சலவை வேட்டி கட்டிக்கொண்டு அடையாறு போனார். கீழே பல் மருத்துவமனை, மேலே 'பொதுக்கருத்துப் பேணல் மையம்'. வாசலில் காவலாளி வழி மறித்தார்.

"இன்னா நைனா, யாரைப் பாக்கணும்?"

"இயக்குநரை."

"கணக்கு கீதா?"

"எந்தக் கணக்கு? கடைக் கணக்கா?"

"போன்ல, நைனா. உன் மூஞ்சி போட்டு, பேரு போட்டு."

"அதெல்லாம் எனக்குக் கிடையாது."

"அப்போ நீ கீறன்னு நாங்க எப்டி நம்பறது?"

சுயம்புலிங்கம் தன் வாழ்நாளில் இந்தக் கேள்வியைச் சந்தித்ததில்லை. காவலாளி கொஞ்ச நேரம் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, 'உறுதி செய்யப்படாதவர்' என்று எழுதிய மஞ்சள் அட்டை ஒன்றை எடுத்து அவர் சட்டையில் குத்தினார்.

"கோச்சிக்காத நைனா. எனக்கும் இதான் குட்த்துக்கிறானுங்க" என்று தன் சட்டையைக் காட்டினார். அதிலும் மஞ்சள் அட்டை.

மேலே வரவேற்பறையில் ஒரு பெரிய திரை. அதில் எல்லையில் அன்றுவரை இறந்தவர்களின் எண்ணிக்கை வந்தது. அடுத்து, அன்றைய கேன்டீன் பட்டியல் வந்தது. மறுபடி எண்ணிக்கை வந்தது. அது கூடியிருந்தது. மறுபடி பட்டியல் வந்தது. அதில் பொங்கல் தீர்ந்துபோயிருந்தது. திரைக்குப் பக்கத்தில் 'இம்மாதத்தின் சிறந்த குரல்' என்ற தலைப்பின் கீழே அண்ணாச்சியின் படம் மாட்டியிருந்தது. அதற்கும் மாலை போட்டிருந்தார்கள்.

இயக்குநர் பஞ்சாட்சரம் விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ராஜரத்தினம் ஐயாவோட தம்பியா! உக்காருங்க, உக்காருங்க. எங்க ஆபீசுக்கே பெருமை. ஐயா மாதிரி ஒரு குரல் எங்களுக்குக் கிடைச்சதே இல்லை."

"அவர் இறந்து மூணு வருசமாச்சு."

"தெரியும் ஐயா. அது எங்க கொள்கை. உயிரோட இருக்கிற யாரோட படத்தையும் நாங்க தொட மாட்டோம். பத்திரிகையில வர்ற நினைவஞ்சலி விளம்பரத்துல இருந்து மட்டும்தான் எடுப்போம். நல்ல முகம், நல்ல குடும்பம், கெட்ட பேர் இருக்காது. அவங்களே வந்து ஏன்னு கேக்கவும் மாட்டாங்க."

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

பஞ்சாட்சரம் புண்பட்டவர் போல் பார்த்தார். ஒரு கோப்பைத் திறந்து, அதிலிருந்த பத்திரிகைத் துண்டை எடுத்து உரக்கப் படித்தார்.

"'மறைந்தும் மறையாமல் எங்களோடு பேசிக்கொண்டிருக்கும் எங்கள் குலவிளக்கே! உங்கள் குரல் என்றும் ஓயாது. உங்கள் வழியில் நடக்கும் அன்புத் தம்பி, சுயம்புலிங்கம்.' இது நீங்க கொடுத்ததுதானே?"

"நான்தான்."

"ஓயாதுன்னு நீங்களே நாடறியச் சொல்லிட்டீங்க. ஓயாம இருக்கிறதுக்கு வேண்டிய ஏற்பாட்டை மட்டும் நாங்க பண்ணினோம்."

அந்த விளம்பரம் கால்பக்கம், வண்ணத்தில் வந்தது. அந்த வரிகளுக்காகச் சொந்தபந்தங்களெல்லாம் கூப்பிட்டுப் பாராட்டியிருந்தார்கள்.

"அது எல்லாரும் வழக்கமா எழுதுறதுதானே" என்றார் சுயம்புலிங்கம்.

"ஆமாங்கய்யா. எல்லாரும் எழுதுறாங்க. அதனாலதான் எங்ககிட்ட இத்தனை பேர் இருக்காங்க."

இத்தனை பேர் என்றால் எத்தனை பேர் என்று காட்டுவதற்காகப் பஞ்சாட்சரம் அவரை உள்ளே அழைத்துப் போனார். நடுவில் ஒரு நடைபாதை. இடப்பக்க மண்டபத்தின் கதவில் 'போர் வேண்டும்' என்றும், வலப்பக்க மண்டபத்தின் கதவில் 'போர் வேண்டாம்' என்றும் பலகைகள். இரண்டிலும் அலமாரி உயரத்துக்குக் கருவிகள் அடுக்கி வைக்கப்பட்டு, சிறு விளக்குகள் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. ஆள் ஒருவரும் இல்லை. நல்ல குளிர்.

"ரெண்டுமே உங்களுதா?"

"நடுநிலை ஐயா. அதுல நாங்க ரொம்பக் கண்டிப்பு. ஒரு பக்கம் மட்டும் பேசினா அது பிரசாரம். ரெண்டு பக்கமும் நாமளே பேசினா அது விவாதம்." அவர் குரலில் நெகிழ்ச்சி ஏறியது. "நேத்து சாயங்காலம் போரைப் பத்தி ஒரு விவாதம் நடந்தது பாருங்க, அப்படி ஒரு விவாதத்தை இந்த நாடு பாத்திருக்காது. ஆரம்பத்துல இருந்து முடியற வரைக்கும் ஒரு மனுசன்கூடக் குறுக்க வரலை. அவ்வளவு ஒழுங்கு! ஜனங்க உள்ள வந்தாத்தான் சிக்கலே. யாரு வீட்டுப் பிள்ளை போகும்னு கேப்பாங்க. பருப்பு விலை ஏறுமான்னு கேப்பாங்க. பேச்சு திசை மாறிப் போயிடும்."

"யாரும் வரலைன்னா, இதை யாரு படிக்கிறது?"

"டிவிக்காரங்க படிப்பாங்க. 'மக்கள் கொதிப்பு'ன்னு போடுவாங்க. அதைப் பாத்து மக்கள் கொதிப்பாங்க. மக்கள் கொதிக்கிறாங்களேன்னு மேல இருக்கிறவங்க முடிவெடுப்பாங்க. முடிவு வந்ததும் நாங்க வரவேற்போம். இதுல எங்கயும் பொய்யே கிடையாது ஐயா. எல்லாம் கடைசியில உண்மையாயிடும்."

சுயம்புலிங்கம் அந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடையில் இரவு ஷட்டரை இறக்கும் வேளையில் இருப்பது போல் அவருக்குள் ஏதோ பாதி இறங்கி நின்றது.

"எங்க அண்ணன் இதையெல்லாம் சொல்லமாட்டாக" என்றார். "மகனைப் பட்டாளத்துக்குக் குடுத்துட்டு உக்காந்திருந்தவுக."

பஞ்சாட்சரத்தின் முகம் மலர்ந்தது.

"மகனா? போயிட்டாரா? அடடா, இது எங்களுக்குத் தெரியாமப் போச்சே! முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா ஐயாவோட வீச்சு பல மடங்கு ஏறியிருக்குமே. பையன் பேரு என்ன? சீருடையில படம் ஏதாவது இருக்கா? அம்மா இருக்காங்களா?"

சுயம்புலிங்கம் வாயை மூடிக்கொண்டார். அதன் பிறகு அந்தக் கட்டடத்தில் அவர் தன் வீட்டைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அண்ணாச்சியின் கணக்கை நீக்க வேண்டும் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"நீக்கலாம், தாராளமா நீக்கலாம்" என்றார் பஞ்சாட்சரம். "கணக்குக்காரர் நேர்ல வந்து சொல்லணும்."

"அவர் செத்துட்டார். சர்டிபிகேட் கொண்டு வந்திருக்கேன்."

"அது ஆளுக்குங்கய்யா. கணக்கு நல்லா இருக்கே. இன்னைக்குக் காலையிலகூட பேசினார். இல்லைன்னா ஒரே வழிதான் இருக்கு. மக்கள்கிட்டயே கேட்டுடுவோம். மக்கள் வேண்டாம்னு சொன்னா அடுத்த நிமிசம் எடுத்துடறேன்."

பஞ்சாட்சரம் அவரை மறுபடி தன் அறைக்கு அழைத்துப் போய், மேசைமேல் திரைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பொத்தானை அழுத்தினார். 'ராஜரத்தினம் ஐயாவின் குரலை நிறுத்தச் சொல்கிறார் அவருடைய தம்பி சுயம்புலிங்கம். உங்கள் கருத்து என்ன?' என்று திரையில் எழுந்தது. டீ வருவதற்குள் மக்கள் வந்துவிட்டார்கள். 'துரோகித் தம்பி', 'எதிரி நாட்டுக்காரன் கொடுத்த பணம் எவ்வளவு?', 'அண்ணன் சொத்தை அமுக்கியவன் அண்ணன் குரலையும் அமுக்கப் பார்க்கிறான்' என்று திரை மேலே மேலே ஓடியது.

சுயம்புலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஏசுகிறவர்களின் முகங்களைப் பார்த்தார். ஒரு முகம் தெரிந்த முகமாக இருந்தது. பனகல் பூங்காப் பக்கம் நகைக்கடை வைத்திருந்தவர். அடுத்தது, வியாபாரிகள் சங்கத்தில் பொருளாளராக இருந்தவர். அதற்கும் அடுத்தது, நங்கநல்லூரில் மாவு மில் வைத்திருந்த சம்பந்தி முறைக்காரர். ராயப்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் கொஞ்சம் கடுமையான வார்த்தை ஒன்றைச் சொன்னார். எல்லாருமே காலமானவர்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் சுயம்புலிங்கம் ரோஜா மாலையோடு போய், நெடுநேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்து வந்தவர். தீபாவளி தவறாமல் வந்து அவரோடு காப்பி குடித்த நகைக்கடைக்காரர், 'சுயம்புலிங்கத்தை எல்லைக்கு அனுப்புங்கள்' என்று எழுதியிருந்தார்.

கோபம் வரும் என்று அவர் காத்திருந்தார். வரவில்லை. டீ வந்தது. குடித்தார்.

"மக்கள் தீர்ப்பு. நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க" என்றார் பஞ்சாட்சரம். பெரியவரை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனம் இல்லை. "ஆனா ஐயா, உங்க குடும்ப கௌரவத்தை நினைச்சு ஒண்ணு பண்றேன். ஒரு மாசமா ஐயாவை ஒரு கணக்கு அவமானப்படுத்திக்கிட்டே இருக்கு. அதைத் தூக்கிடறேன்."

திரையில் அந்தக் கணக்கு வந்தது. படம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தலை. பெயரும் இல்லை, வெறும் எழுத்தும் எண்ணும். அண்ணாச்சி 'வீட்டுக்கு ஒரு பிள்ளை' கேட்ட ஒவ்வொரு தடவையும் அதற்குக் கீழே அது ஒரே பதிலை எழுதியிருந்தது.

'கொடுத்தாச்சு. அடுத்த வீட்டைப் பாரு.'

"எதிர்த் தரப்பு மெஷின் ஐயா, சந்தேகமே இல்லை" என்றார் பஞ்சாட்சரம். "தினமும் விடியற்காலையில வரும். அதே வரியை எழுதிட்டுப் போயிடும். திட்டினாலும் பதில் இல்லை, கெஞ்சினாலும் பதில் இல்லை. மனுசங்க இப்படி எழுத மாட்டாங்க. மனுசன்னா அலுத்துப் போயிடுமே. எங்க ரெண்டு மண்டபத்துக்கும் இது ஒண்ணாலதான் தலைவலி. எந்தப் பக்கம்னே வகைப்படுத்த முடியலை."

கோயில் நன்கொடை, சங்கத்து நன்கொடை என்று கடை வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு வந்து நிற்பவர்களிடம் சொல்லும் வார்த்தை அது. வாசலில் ஏந்திய கையைப் பார்த்துச் சொல்வது. அதை எவனோ, முகமில்லாத ஒருவன், ராஜரத்தினம் அண்ணாச்சியைப் பார்த்துச் சொல்கிறான். காலையிலிருந்து காத்திருந்த கோபம் சுயம்புலிங்கத்துக்கு இப்போது வந்தது. முதுகு இன்னும் நிமிர்ந்தது.

"எங்க அண்ணனை என்ன பிச்சைக்காரன்னு நினைச்சானா? எடுங்க அதை."

"குடும்பத்தார் புகார்னு வெச்சுக்கலாமா?"

"வெச்சுக்கோங்க. எடுங்க."

பஞ்சாட்சரம் பொத்தானை அழுத்தினார். சாம்பல் தலை மறைந்தது. அது எழுதியிருந்த பதில்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அண்ணாச்சியின் முழக்கத்துக்குக் கீழே இப்போது கைதட்டல்கள் மட்டுமே இருந்தன. பஞ்சாட்சரம் எழுந்து வந்து, சுயம்புலிங்கத்தின் சட்டையிலிருந்த மஞ்சள் அட்டையைக் கழற்றிவிட்டு நீல அட்டையைத் தன் கையாலேயே குத்தினார். 'உறுதி செய்யப்பட்டவர்.'

வாசலில் காவலாளி சலாம் வைத்தார்.

"ஏறிட்ட நைனா! நானு இங்க வந்து எம்மாம் நாளாச்சு, இன்னும் மஞ்சள்லயே கீறேன்."

வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. எதுவோ ஒன்றைச் செய்து முடித்துவிட்டோம் என்று சுயம்புலிங்கம் காரில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முழுதாக இல்லாவிட்டாலும் அண்ணன் மானத்தில் ஒரு பங்கையாவது மீட்டாயிற்று.

சாப்பாட்டு மேசையில் தங்கபுஷ்பம் கண்ணாடி போட்டுக்கொண்டு கைப்பேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. இது என்னன்னு கொஞ்சம் பாருங்களேன். காலம்பற நல்லாத்தான் இருந்துச்சு. இப்போ என்னமோ சொல்லுது."

சுயம்புலிங்கம் வாங்கிப் பார்த்தார். 'குடும்பத்தார் அளித்த புகாரின் பேரில் உங்கள் கணக்கு நீக்கப்பட்டது. நீங்கள் ஒரு தானியங்கி இயந்திரம் என்று கண்டறியப்பட்டுள்ளது. நீங்கள் மனிதர் என்றால் அதை நிரூபிக்கவும்.'

அவர் அதை இரண்டாம் முறை படித்தார்.

"மைனி, இதுல நீங்க அபிஷேகம்தானே பாக்கீக?"

"அபிஷேகமும் பாப்பேன்." தங்கபுஷ்பம் கண்ணாடியைக் கழற்றினார். "உங்ககிட்ட சொன்னா மனசு நோவீகன்னுதான் சொல்லல. எவனோ உங்க அண்ணன் படத்தைப் போட்டு, வீட்டுக்கு ஒரு பிள்ளை கொடுன்னு கேட்டுக்கிட்டு இருக்கான், தம்பி. ஒரு மாசமா."

"நீங்க… அண்ணன்தான் பேசுதாகன்னு நினைச்சீகளா?"

"அடப் போங்க. கட்டுன நாள்லேருந்து உங்க அண்ணன் என்கிட்ட முழுசா ஒரு வாக்கியம் சொன்னதில்ல. இது விடிஞ்சா அடைஞ்சா பேசுது. அவுக இல்லன்னு பாத்ததுமே தெரிஞ்சு போச்சு." சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "யாராயிருந்தா என்ன? வாசல்ல வந்து நின்னு கேட்டா ஒரு பதில் சொல்லணும்லா? கேட்டுக்கிட்டே நிக்கான். அதான், கொடுத்தாச்சு, அடுத்த வீட்டைப் பாருன்னு எழுதுவேன். காலையில விளக்கேத்திட்டு முதல் வேலை அதுதான். வேற என்ன எழுதத் தெரியும் எனக்கு?"

சுயம்புலிங்கம் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாரோ நம்ம குடும்பத்தார் புகார் கொடுத்தாகன்னு போட்டிருக்கே, யாரு தம்பி அது?"

அவர் கைப்பேசியை வேட்டி நுனியால் துடைத்தார்.

"போகட்டும். நான் மனுசின்னு அதுக்கு எப்படிக் காட்டணும்? அதைச் சொல்லுங்க."

அவர் விரலால் தள்ளிக் கீழே படித்தார். 'உறுதி செய்யப்பட்ட ஒருவர் உங்களுக்காகப் பரிந்துரைக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடிய உறுதி செய்யப்பட்டவர்:' என்று இருந்தது. அதற்குக் கீழே, கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய வெள்ளைச் சட்டையில் அண்ணாச்சி இருந்தார்.

தங்கபுஷ்பம் எட்டிப் பார்த்தார்.

"அவுக எங்க பேசப் போறாக" என்றார். பிறகு, "அதென்ன தம்பி, சட்டையில நீலமா?"

சுயம்புலிங்கம் அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஊசி விரலில் குத்தியது. குத்தியது தெரிந்தது, வலி தெரியவில்லை.

முன்னறைப் பக்கமிருந்து தொலைக்காட்சி உரக்கப் பேசுவது கேட்டது. 'வீட்டுக்கு ஒரு பிள்ளை' என்ற ராஜரத்தினம் ஐயாவின் அழைப்பு குறித்து மக்களிடையே இன்று மாலை முதல் முழுமையான கருத்தொற்றுமை ஏற்பட்டிருக்கிறது என்றது. மாற்றுக் கருத்து ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்றது. பின்னணியில் முரசு ஒலித்தது.

அண்ணன் செய்வது போலவே சுயம்புலிங்கம் ஒன்றும் சொல்லாமல் முன்னறைக்குப் போனார். இருட்டில் குனிந்து, சுவரைத் தடவி, பிளக்கைத் தேடினார்.

பிளக் ஏற்கெனவே பிடுங்கிக் கிடந்தது. சத்தம் அடுத்த வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது.